பெரியவர் வண்டி நிற்கிற இடம்

வேம்புலி வெள்ளையடித்த கல்லில் கையை வைத்துத் தேய்த்தாலும் ஒரு பொட்டு வெள்ளை ஒட்டாது. சுண்ணாம்பை மூன்று நாள் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஊறப்போடுவான். வடிகஞ்சியும் வச்சிரப் பசையும் அளவு பார்த்துச் சேர்ப்பான். பனைமட்டையின் நுனியை நசுக்கி அவனே செய்துகொண்ட மட்டையால் இரண்டு பூச்சு. ஐப்பசி அடைமழையே வந்து அடித்தாலும் கல் பல்வரிசை மாதிரி பளிச்சென்று நிற்கும்.

அவனுக்கு வேலை பட்டாளத்துக் கிடங்கில். பருத்திப்பட்டு ஏரிப் பாய்ச்சலில் நாற்று நட்டுக் களை பறித்த குடும்பம் அவனுடையது. கிடங்கு வந்ததும் அந்தப் பக்கத்து ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் காக்கி அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். அவனை ஆஸ்பத்திரி வாசலில் போட்டார்கள். கிடங்கில் வேலை செய்கிறவன் பெண்டாட்டி பிள்ளைக்கும் அங்கேதான் மருந்து.

ஆஸ்பத்திரிப் படியை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதில் மூன்று கார் நிற்கும், ஒவ்வொன்றின் இடத்தைச் சுற்றியும் வெள்ளைக்கல் வரிசை. மூன்றுக்கும் மூன்று பலகை, பலகையில் இங்கிலீஷில் ஆபீசர் பதவியின் பேர். வேம்புலிக்குப் படிக்க வராது. ஆனால் எழுத்து மங்கினால் மேலேயே அச்சுப் பிசகாமல் வரைந்துவிடுவான். அவன் வாயில் அவை பெரியவரு எடம், நடுவரு எடம், சின்னவரு எடம். பெரியவர் இடம் படிக்கு நேர் எதிரே. காரை விட்டு இறங்கினால் நனையாமல் படியேறலாம். அதற்கு மட்டும் இரண்டு இரும்புக் குச்சி நட்டுச் சங்கிலி போட்டிருந்தார்கள். மற்ற ஜனங்களின் ரிக்‌ஷா, மாட்டுவண்டி, சைக்கிள் எல்லாம் கேட்டுக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தடியில் நிற்க வேண்டும். மரத்திலிருந்து படிக்கு இருநூறு எட்டு. இது அங்கே சட்டம். சட்டத்துக்குக் காவல் வேம்புலி.

ஒரு தரம், பருத்திப்பட்டு ரிக்‌ஷாக்காரன் துலுக்கானம், வாந்தியெடுத்துத் துவண்டுபோன ஒரு கிழவரைக் கொண்டுவந்து நேரே கொட்டகையில் இறக்கிவிட்டான். வேம்புலி வந்தான். குனிந்து மூன்று சக்கரத்திலும் காற்றைப் பிடுங்கிவிட்டான்.

"இன்னா மாமே, தாயா புள்ளையா பயகறோம், இப்பிடிப் பண்ணிட்டியே!"

"தாயா புள்ளையா ஊட்டாண்ட பயகு. இங்க பெரியவரு வண்டி நிக்கும்."

"எங்கய்யா நிக்கிது? ஈ காக்கா காணோம்!"

"வந்தா நிக்கும்ல?"

துலுக்கானம் வண்டியை ஆவடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போனான். அதிலிருந்து மரத்தைத் தாண்டி அவன் சக்கரம் உருண்டதில்லை. ஊரும் சிரித்துவிட்டு அப்படியே பழகிக்கொண்டது.

வேம்புலியின் பெண்டாட்டி கன்னியம்மாவும்தான் பழகிக்கொண்டாள். தினம் பகலில் கூழும் கருவாடும் தூக்கில் கொண்டுபோவாள். முதல் நாள் சங்கிலியைத் தாண்டிக் குறுக்கே வந்தவளை, "அது பெரியவரு எடம்மே, சுத்திகினு வா" என்றான். பத்து வருஷமாகச் சுற்றிக்கொண்டுதான் வந்தாள். கார் இருந்தாலும் சுற்றுவாள், இல்லாவிட்டாலும் சுற்றுவாள். தலையில் தூக்கு, காலுக்குத் தெரியும் வழி. வெறும் தரை அது. ஆனால் அவள் காலுக்கு அங்கே ஒரு சுவர் இருந்தது.

புருஷனைப் பற்றி அவளுக்குக் கர்வமும் உண்டு. குடிக்காமல், கைநீட்டாமல், மேலதிகாரி வாயால் நல்ல பேர் வாங்கினவன் அந்தத் தெருவில் அவன் ஒருத்தன். "எங்கூட்டுக்காரரு பேரு கெடக்கூடாது" என்பது அவள் மூச்சுக்கு மூச்சு சொல்கிற வார்த்தை.

எழுபத்தொன்றாம் வருஷம் கார்த்திகை மாசம். எல்லையில் சண்டை வரப்போகிறதென்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். பெரியவர் ஐப்பசிக் கடைசியிலேயே ரயிலேறிப் போய்விட்டார். அவர் இடம் காலியாகக் கிடந்தது. வேம்புலி சனிக்கிழமை தவறாமல் அதற்கு வெள்ளையடித்தான்.

வெள்ளானூரில் கட்டிக்கொடுத்த மகள் சொர்ணம் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பத்தொன்பது வயசு. அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. ஏரி தளும்பித் தெருமுனைவரை தண்ணீர். ஏழு மணிக்கு, கெளுத்தி மீனைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாவை உள்ளேயிருந்து கூப்பிட்டாள் சொர்ணம்.

"எம்மோவ், பாவாடையெல்லாம் நனஞ்சி பூட்ச்சி."

கன்னியம்மா கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை. பக்கத்து வீட்டுத் தாட்சாயிணி அந்த ஆஸ்பத்திரியில்தான் பெருக்குகிறவள். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம், "எங்கூட்டுக்காரராண்ட சொல்லுடி, பொண்ண இட்டுகினு வரேன்னு" என்று சொல்லி அனுப்பிவிட்டு, துலுக்கானத்தைக் கூப்பிட்டாள்.

அவன் படுதாவை இறக்கி, சாக்கை மடித்துப் போட்டு, சொர்ணத்தைப் பூ மாதிரி ஏற்றினான். முட்டளவு தண்ணீரில் மிதிக்க முடியாமல் இறங்கி, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தான்.

"குலுக்காத டா துலுக்கானம்."

"ரோட்ட நானா போட்டேன் யக்கா? சொர்ணம், பல்ல கடிச்சிக்கோம்மா. தோ வந்துட்ச்சி. புள்ள பொறந்தா எம்பேரு வைக்கணும், ஆமா."

"ஐய, உம்பேரா? பொட்டப்புள்ள பொறந்தா?" வலியிலும் சொர்ணம் சிரித்தாள்.

"அதுக்கின்னா? துலுக்கானத்தம்மா!"

அந்தச் சிரிப்பைத்தான் கன்னியம்மாவால் அப்புறம் மறக்க முடியாமல் போயிற்று.

தூங்குமூஞ்சி மரம் வந்தது. துலுக்கானம் நிறுத்தவில்லை. வண்டியை வளைத்துக் கேட்டைப் பார்த்துத் திருப்பினான்.

"எங்கடா போற?"

"உள்ளதான். பொண்ணு கீற நெலமைல மாமன் காத்தப் புடுங்கினாலும் புடுங்கட்டும். நான் படியாண்ட வுட்டுர்றேன்."

இங்கேதான், கேட்டுக்கொண்டிருக்கிற நீங்களெல்லாம் கன்னியம்மாவைக் கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும். அவள் கையை நீட்டிக் கைப்பிடியை அமுக்கிப் பிடித்தாள்.

"வாணாம், இங்கியே நிப்பாட்டு. ஊரான் வண்டிய எல்லாம் வெளிய நிறுத்திட்டு தம்பொண்ணு வண்டிய உள்ள வுட்டான்னு நாளைக்கி ஒருத்தன் சொல்லக்கூடாது. எங்கூட்டுக்காரரு பேரு இன்னாத்துக்கு ஆவறது?"

"யக்கா, மழ கொட்டுது..."

"நடந்தா நல்லதுதான், சீக்கிரம் பொறக்கும். எறங்கு கண்ணு. என் தோளப் புடிச்சிக்கோ."

இறக்கினாள். துலுக்கானம் சாக்கைச் சொர்ணத்தின் தலையில் போர்த்திவிட்டு அங்கேயே நின்றான். தாயும் மகளும் நடந்தார்கள். சரளைக்கல் பாதை. ஐம்பது எட்டில் ஒரு தரம் சொர்ணம் நின்றாள். நூறில் ஒரு தரம் உட்கார்ந்தேவிட்டாள். "எம்மோவ், இன்னாவோ கீய எறங்கறா மாதிரி கீது." மழைத் தண்ணீரில் சிவப்பு கலந்து ஓடியது. அவளை அணைத்துத் தூக்கிக்கொண்டு, செவ்வரளிப் புதர் மறைப்பைத் தாண்டினாள் கன்னியம்மா. கொட்டகை தெரிந்தது.

பெரியவர் இடத்தில் சங்கிலி இல்லை.

அது வேம்புலியின் கையில் இருந்தது. குச்சியைப் பிடுங்கி, வெள்ளைக்கல்லை இரண்டு பக்கமும் ஒதுக்கி, வண்டி வந்து படியை முட்டி நிற்கத் தோதாக வழி பண்ணிவிட்டு, தலையில் கோணியோடு புதர் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றான். தாட்சாயிணி சொன்ன நிமிஷத்திலிருந்து அப்படியே நின்றானாம். நடந்து வருகிறவர்களைப் பார்த்ததும் அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ரிக்‌ஷா எங்கமே?"

கன்னியம்மாவின் வாய் திறந்தது. அவள் நினைத்துச் சொல்லவில்லை. வாய்தான் சொல்லியது.

"அவன்... உள்ள வரமாட்டேன்னுட்டான்."

சொல்லிவிட்டு, மகளைத் தாங்கிக்கொண்டு, கல்லுக்கு வெளிப்பக்கமாகச் சுற்றத் தொடங்கினாள். அந்த நேரத்திலும் அவள் கால் சுற்றத்தான் போயிற்று.

"குறுக்கால வாம்மே!" வேம்புலி கத்தினான். "குறுக்கால வா!"

உள்ளே நர்சு ஞானகுமாரி சொர்ணத்தை மேசையில் படுக்கவைத்துப் பார்த்தாள். முகம் மாறியது. "தொப்புள்கொடி முன்னால வந்துடுச்சே! இப்படி இருக்கறப்ப நடக்க வைக்கலாமா? படுக்கவெச்சு இல்ல கொண்டு வரணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். டாக்டரம்மாவும் வந்து செய்யக்கூடியதெல்லாம் செய்தார். பத்து மணிக்குக் குழந்தையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வேம்புலியின் கையில் கொடுத்தார்கள். ஆண்பிள்ளை. முடி நிறைய இருந்தது. சத்தம்தான் இல்லை.

சொர்ணம் பிழைத்தாள். நாலாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளையில்லாத மார்பு கல்லாக இறுகிக் காய்ச்சல் கண்டது. மல்லிப்பூ வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். அந்த மழையில் ஆவடியில் மல்லிப்பூ ஏது? கன்னியம்மா பஸ் ஏறிப் பூந்தமல்லிவரை போய், கடை கடையாகக் கேட்டு, இரண்டு கைப்பிடி வாங்கிவந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள், "இன்னா விசேசம்? மல்லி கம்முனு கீதே" என்று கேட்டாள். கன்னியம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டில் வேம்புலி ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். "நாந்தான் மே. அன்னிக்கி நான் காத்தப் புடுங்குனேன். அந்த பயத்துல அவன் உள்ள வர்ல. எங்கையாலயே பண்ணிக்கினேன்." சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே வைத்துவிடுவான்.

தெரு வேறு மாதிரிப் பேசியது. "மாசமான பொண்ண மழையில எறக்கி வுட்டானாம், பாவி!" துலுக்கானத்தின் ரிக்‌ஷாவில் யாரும் ஏறவில்லை. ஸ்டேஷன் வாசலில் மற்ற வண்டிகள் போய்ப் போய் வர, அவன் வண்டி படுதா இறக்கினபடி நின்றது. கன்னியம்மா இரண்டு தரம் பார்த்தும் பார்க்காத மாதிரி போனாள். மூன்றாம் தரம் கால் நகரவில்லை.

"ஏன்டா, நீ ஏன் சொல்லல?"

"இன்னாத்த?"

"நாந்தான் எறக்குனேன்னு."

துலுக்கானம் பீடியைக் காலில் தேய்த்தான். "சொல்லி? ரெண்டு பேரு என்ன திட்டுனா தொடச்சிக்கினு பூடுவேன். நீ பெத்தவ. மாமன் மூஞ்சிலயும் பொண்ணு மூஞ்சிலயும் நீ முழிக்கணும் யக்கா."

அவள் அங்கேயே, ஸ்டேஷன் வாசல் என்றும் பாராமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அழுதாள், ஆனாலும் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. வேம்புலி முகத்தைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும்.

சண்டை முடிந்த வாரத்தில் வேதமுத்து வீட்டுக்கு வந்தார். கிடங்கில் எழுத்தர், தொழிலாளர் கமிட்டிக்காரர். கையில் ஒரு மனு.

"வேம்புலி, இதைக் கேளு. பெரியவர் இடத்தை நோயாளி வண்டி நிக்கிற இடமா மாத்தணும்னு எழுதியிருக்கேன். முன்னூறு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. நீ உத்தரவில்லாம சங்கிலிய அவுத்தேன்னு உன்மேல ஒரு விசாரணை. ரெண்டையும் ஒண்ணா வெச்சுக்கறாங்க."

"வேல பூடுமா சார்?"

"தெரியல. விசாரிக்கிற கேப்டன் சொல்றதக் கேளு. 'இடம்தான் தொறந்து இருந்ததே! ரிக்‌ஷாக்காரன் வரலன்னா அவன் தப்பு. இடத்த எதுக்கு மாத்தணும்?'ங்கறார். அதுக்கு எனக்குப் பதில் தெரியல."

அடுப்படியில் கன்னியம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கத்தி நின்றது.

விசாரணை நாளில் அவளும் போனாள். யாரும் கூப்பிடவில்லை. கேப்டன் வடக்கத்திக்காரர், சின்ன வயசு, ஒரு கையில் கட்டு. வேதமுத்து நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டிருந்தார். வேம்புலி கைகட்டி நின்றான். "தப்புதான் சார். சங்கிலி அவுத்தது தப்புதான். அந்த ரிக்‌ஷாக்காரன் மேல தப்பில்ல, அவன் என்னப் பாத்து பயந்துட்டான்" என்றான்.

வாசலிலிருந்து கன்னியம்மா உள்ளே வந்தாள்.

"அவன் பயப்படல."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அவன் உள்ள வரேன்னுதான் திருப்புனான். நாந்தான் கைப்பிடியப் புடிச்சி நிறுத்துனேன். எம்பொண்ண நாந்தான் எறக்கி நடக்க வச்சேன். அப்பறம் பொய் சொன்னேன்."

வேதமுத்து மொழிபெயர்க்க மறந்துபோனார். கேப்டன் அவரைப் பார்த்த பிறகுதான் சொன்னார். கேப்டன் ஏதோ கேட்டார்.

"யார் நிறுத்தச் சொன்னதுன்னு கேக்கறார்மா."

"யாரும் சொல்லல சார். பத்து வருசமா நான் அத்த சுத்திகினு போயிருக்கேன். அங்க வண்டி கீதா இல்லியான்னு நான் பாத்ததே இல்ல. பெரியவரு ஊருல இல்லன்னு எனக்கும் தெரியும். அன்னிக்கி பத்தொம்பது நாளா அது வெறும் எடம். வெறும் எடத்துக்கு பயந்து எம்பேரன வுட்டுட்டேன். அவுரு சங்கிலிய அவுத்துட்டாரு சார். எனுக்குள்ள கீறத அவுக்கல. அத்த அவுக்கணும்னா அந்தப் பலகையதான் எடுக்கணும்."

வேதமுத்து அதையும் சொல்லி முடித்தார். கேப்டன் பேனாவை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். அப்புறம் வேம்புலியைப் போகச் சொன்னார்.

வீட்டுக்கு நடக்கையில் வேம்புலி முன்னால் போனான். அவள் பத்தடி பின்னால். ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"எம்பேருக்கோசரமா?"

"ஆமா."

அவன் மேலே நடந்தான். அன்றிலிருந்து அவளோடு பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவான். தட்டைத் தானே கழுவுவான். வண்டியில் கூட இருந்தும் யாரிடமும் வாய்விடாத சொர்ணத்திடம், விசாரணையில் சொன்னதையெல்லாம் அவளே சொன்னாள். சொர்ணம் கேட்டுக்கொண்டு, "வுடும்மா, நீ நல்லதுக்குத்தான் பண்ண" என்றாள். அது திட்டினதைவிட மோசமாக இருந்தது. மறுவாரம் புருஷன் வந்து வெள்ளானூருக்குக் கூட்டிப்போனான். மடியில் ஒன்றுமில்லாமல் பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினவளுக்கு மூன்று நாள் அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. துலுக்கானத்தின் வண்டியில் மட்டும் ஜனம் மறுபடி ஏறத் தொடங்கியது.

தை மாசம் உத்தரவு வந்தது. பெரியவர் இடம் இனி நோயாளி வண்டிக்கு. உத்தரவில்லாமல் சங்கிலி அவிழ்த்த வேம்புலியைக் கிடங்கின் மறுகோடியில் புல்வெட்டும் கூட்டத்தில் போட்டார்கள். வேலை போகவில்லை, அவ்வளவுதான். புதுப் பலகையை வேறு யாரோ எழுதினார்கள். அதுவும் இங்கிலீஷிலும் இந்தியிலும் இருந்தது. எல்லையிலிருந்து திரும்பிய பெரியவர், எதிரே வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு நாலு எட்டு நடந்து படியேறினார். அவருக்கு அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

பத்து நாள் கழித்துத் தாட்சாயிணி வந்து சொன்னாள். "எக்கா, அந்தக் கொட்டாயி காலியாவேதான் கீது. ஒரு வண்டி உள்ள வர்ல. எல்லாம் மரத்தாண்டயே எறங்கி நடந்து வருதுங்க. பலகயப் படிக்கத் தெரிஞ்சவன் யாரு? சொல்றதுக்கு மாமனும் அங்க இல்ல."

மறுநாள் காலையில் கன்னியம்மா போய் மரத்தடியில் நின்றாள். எட்டு மணிக்குத் துலுக்கானத்தின் ரிக்‌ஷா வந்தது. உள்ளே ஒருத்தி, காய்ச்சலில் அனத்துகிற பிள்ளையைத் தோளில் போட்டிருந்தாள். துலுக்கானம் வழக்கப்படி மரத்தடியில் பிரேக் போட்டான். அவள் காலைக் கீழே வைத்தாள்.

"எறங்காத தாயீ," என்றாள் கன்னியம்மா. "டேய், உள்ள ஓட்டு."

"யக்கா, போர்டுல இன்னா போட்டுகினு கீறானோ..."

"இன்னா போட்டிருந்தா இன்னா? ஏறி மிதி."

அவன் கால் மிதிகட்டையில் தயங்கியது. அவள் வண்டிக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் வைத்துத் தள்ளினாள். கேட்டைத் தாண்டி, சரளைப் பாதை முழுக்க, செவ்வரளிப் புதர் வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். கொட்டகைத் தரையில் சக்கரம் ஏறுகிற இடத்தில் அவள் கால் ஒரு கணம் ஒதுங்கப் பார்த்தது. ஒதுங்கவிடவில்லை. வண்டி படியை முட்டி நின்றது. பிள்ளைக்காரி ஒரே எட்டில் படியேறிவிட்டாள்.

கன்னியம்மா திரும்பி மரத்தடிக்கு நடந்தாள். அடுத்த வண்டி வருமே.

அன்றைக்குச் சாயந்திரம் வேம்புலி புல்தூசியோடு வந்தான். கைகால் கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள், மீன் குழம்பு ஊற்றினாள். அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். ஒரு மாசத்துக்கு மேலான பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி.

"எத்தினி வண்டி?"

"நாலு."

"ஒருத்தரும் நடக்கலியே?"

"நடக்கல."

அவன் தலையை ஆட்டினான். மீனில் பாதியைப் பிட்டு, தட்டின் அவள் பக்கத்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சாப்பிடத் தொடங்கினான்.